ஆயுதபூஜையன்று நின்ற மோட்டார்

பீளமேடு,
கோயமுத்தூர்.
4.11.1996

மதிப்பிற்குரிய என் வீட்டுக்காரர் சீனிவாசலு அவர்களுக்கு,

கிருஷ்ணவேணி வணக்கத்துடன் எழுதுவது. உறையில் எழுத வேண்டிய பெயரை உள்ளேயும் எழுதிவிட்டேன். கோபத்தில்தான் எழுதினேன், அதைக் கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

அத்தையும் மாமாவும் சுகம். பட்டறையில் பம்புசெட் வேலை குவிந்து கிடப்பதால் மாமா வீட்டுக்கு வருவதே சாப்பாட்டுக்குத்தான். நான் எழுந்து நடமாடுகிறேன். தீபாவளிக்கு அப்பா வந்து என்னை உடுமலைக்கு அழைத்துப் போகிறார். பிறகு இந்த வீட்டுக்குத் திரும்பி வருவதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. உங்கள் கடிதம் வரும்வரை அப்படி ஒரு யோசனையே எனக்கு இருந்ததில்லை.

கடல் கடந்து பாண்டுங்கிலிருந்து நீங்கள் போட்ட அந்தக் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. நான்கு பக்கம். நிச்சயதார்த்தம் முடிந்த புதிதில்கூட நீங்கள் எனக்கு இவ்வளவு எழுதியதில்லை. முக்கால்வாசி, உங்கள் தொட்டி மீன்கள் எப்படிச் செத்தன என்ற விசாரணை. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மோட்டார் சுவிட்சைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியும். ஜூனில் நீங்கள் அந்த ஊர் மில்லுக்கு விமானம் ஏறியதிலிருந்து கடல்மீன் வளர்க்கும் அந்த உப்புத்தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டது நான்தான். தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது, அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று போகிற அவசரத்தில் ஒரு தடவை சொன்னீர்கள். நான் மறக்கவில்லை. சிறுவாணித் தண்ணீரைப் பிடித்து வாளியில் திறந்து வைத்து, மருந்து வாடை போன பிறகே ஊற்றினேன். கண்ணாடி மிதவையைப் போட்டு உப்பு அளவு பார்த்தேன். தீனியைக் கிள்ளித்தான் போட்டேன். வந்தவர் போனவரெல்லாம் மீனைப் பட்டினி போடுகிறாயே என்று என்னைக் கொடுமைக்காரி ஆக்கினார்கள். கொச்சியிலிருந்து லாரியில் உக்கடம் வந்து இறங்கும் கடல்தண்ணீரை ஆட்டோவில் கொண்டுவந்து, வாளி வாளியாக மாடிக்குத் தூக்கினேன். ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்களும் நீலக் குட்டிகளும் நான் கிட்டே போனாலே கண்ணாடியோரம் வந்துவிடும். அவற்றின் மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூலையில், குளிக்காமல் இருக்கிறேன் என்று உங்களுக்கு எழுதினேன். சந்தோஷம், உப்பு அளவு இப்போது என்ன என்று பதில் வந்தது. அப்போது அதைப் படித்துச் சிரித்தேன்.

செப்டம்பர் கடைசியில், ஐந்தாம் மாதத்தில், குழந்தை போய்விட்டது. வாளி தூக்கியதால் இல்லை என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்தப் பழியை உங்கள் மேல் போட மாட்டேன், இருக்கிற கோபமே எனக்குப் போதும். மாமா தந்தி கொடுத்தார். முதலாளி லீவு தர மாட்டார், தைரியமாக இரு, தொட்டியை அம்மாவிடம் ஒப்படை என்று பதில் அனுப்பினீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதைப் படித்தேன். சொன்னபடி ஒப்படைத்தேன்.

நம் வீட்டு ஆயுதபூஜை உங்களுக்குத் தெரியாததல்ல. பட்டறையில் லேத் நிற்கும், வீட்டில் கிரைண்டர் நிற்கும், ஸ்கூட்டரும் மாலை போட்டுக்கொண்டு நிற்கும். அத்தை தொட்டியின் காற்று மோட்டாரையும் நிறுத்தினார். அடியில் பரப்பியிருந்த கிளிஞ்சல் மணலை அள்ளிக் குழாய்த்தண்ணீரில் தேய்த்துத் தேய்த்து அலசிப் போட்டார். அந்த அழுக்கில்தான் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கிருமிகள் குடியிருக்கின்றன என்று அவருக்கு யார் சொன்னது? மோட்டாருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் செவ்வந்திச் சரம் சுற்றினார். எனக்கு அன்று காய்ச்சல். நிறுத்தக் கூடாது என்று படுத்த இடத்திலிருந்தே சொல்லிப் பார்த்தேன்.

“மில்லே நிக்குது கண்ணு. பாவம், நிக்காம ஓடற மோட்டாரு. ஒரு நாளாச்சும் அதுக்கு ஓய்வு குடுக்கோணுமல்லோ” என்றார்.

விஜயதசமி காலையில் தேங்காய் உடைத்துவிட்டு மோட்டாரைப் போட்டார். நீல மீன்கள் அதற்குள் செத்திருந்தன. மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கி, அவையும் ஒவ்வொன்றாகப் போயின. அத்தை அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அவரை ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் என் துணியை அலசியது அவர்தான். நிற்காமல் ஓடுகிற ஒன்றுக்கு ஓய்வு வேண்டும் என்று அவருக்காவது தோன்றியதே.

இனி உங்கள் லீவு. மீன் செத்த செய்தி கிடைத்ததும் பத்து நாள் வாங்கிவிட்டீர்களாம். ஜகார்த்தாவில் புது மீன் வாங்கி, ஆக்சிஜன் அடைத்த பையில் பத்திரமாகக் கொண்டு வருவீர்களாம். நான் இப்போதே கடல்தண்ணீர் வரவழைத்து, மோட்டாரை ஓடவிட்டு, தொட்டியைப் பழக்கி வைக்க வேண்டுமாம். அதே முதலாளி எப்படி மனம் இரங்கினார் என்று யோசித்தேன். அதையும் ஒரு வேடிக்கை போல நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பொய் சொன்னீர்களாம், மனிதர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டாராம்.

அந்த வரியை அத்தையிடம் நான் காட்டவில்லை. செப்டம்பரில் சொல்லியிருந்தால் அது பொய்யாகக்கூட இருந்திருக்காது. கேட்டிருந்தால் அந்தப் புண்ணியவான் கொடுத்திருப்பார். நீங்கள் அவரிடம் கேட்கவே இல்லை, இல்லையா?

தொட்டியை நான் தயார் செய்யப் போவதில்லை. தண்ணீரை இறைத்துத் துடைத்து வைத்தாயிற்று. உடுமலைக்குப் போகிறேன் என்று அத்தையிடம் சொன்னேன். “போயிட்டு வா அம்மணி” என்றவர், எப்போது வருவாய் என்று கேட்காமல் என் தலையை வாரிவிட்டார்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியூர்ச் சாப்பாடு, வயிறு கெடாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன். லீவை வீணாக்க வேண்டாம். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றுதானே புறப்படுகிறீர்கள், அப்படியே வாருங்கள். பீளமேட்டுக்கு வராமல், மீன் பையும் இல்லாமல், உக்கடத்தில் பஸ் ஏறி நேராக உடுமலைக்கு வாருங்கள். போன குழந்தை ஆணா பெண்ணா என்று டாக்டரம்மா என்னிடம் மட்டும் சொன்னார். இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், சொல்கிறேன்.

இப்படிக்கு,
கிருஷ்ணவேணி