நீ கடைசியாக முறுக்கிய போல்ட்

எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் கையில் அந்த வாடை போக மாட்டேன் என்கிறது, மச்சான். உன் படகு என்ஜினின் கியர் ஆயில். கடல் தண்ணீர் கலந்து வெளுத்துப்போயிருந்தது. நேற்று அடிப்பாகத்தில் ஆயிலை அடைத்திருக்கும் போல்ட்டைக் கழற்றியதும் அதன் வாடை பட்டறை முழுக்க அடித்தது. நீதான் வாசலில் வந்து நிற்கிறாய் என்று சட்டென்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

போல்ட்டோடு சேர்ந்து ஓட்டைக்குள் வெட்டியிருந்த மரையும் அலுமினியச் சுருளாக உரிந்து வந்தது. வழக்கம்போல முறுக்கோ முறுக்கென்று முறுக்கியிருந்தாய். இதற்காக உன்னோடு எவ்வளவு சண்டை போட்டிருப்பேன்! "அலுமினியம்டா, லேசா இறுக்கினா போதும்" என்பேன்.

"உனக்கு இன்னா, தரையில நின்னுகினு சொல்லுவ. நடுக்கடல்ல உள்ள தண்ணி பூந்துகிச்சின்னா, கூப்ட்டா வருவியா?"

ஒரு நாள் உன் ஸ்பேனரைப் பிடுங்கி, பிடியைப் பாதியாக அறுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரமே பல்லைக் காட்டிக்கொண்டு வந்தாய். அறுத்த பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி, முன்னைவிட நீளமாக்கி வைத்திருந்தாய். நாம் சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

உன் கோவளத்திலிருந்து என் இரும்புலியூர் வரும் வழியில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? எல்லாவற்றையும் தாண்டி, கோணியில் சுற்றிய இரும்போடு என்னிடம்தான் வருவாய். வேலை அரை மணி நேரம் என்றால் பேச்சு அரை நாள். மார்கழியில் ஒரு காலை, படகை மணலில் இழுத்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

என்ஜினை உன் மனைவிதான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். வீட்டில் இனிக் கடலுக்குப் போக ஆள் இல்லை. வேறு குப்பத்துக்காரர் ஒருவர் வாங்கிக்கொள்கிறாராம், அடியில் ஆயில் ஒழுகுவதைச் சரிசெய்து கொடுத்தால் போதுமாம். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலைதான். ஆனால் அந்தப் போல்ட்டில் கை வைக்க மனம் வரவில்லை. உன் கை கடைசியாகப் போட்ட பலம் அதற்குள் அப்படியே இருந்தது. கழற்றினால் அதுவும் போய்விடும். கரண்ட் இல்லை, சாமான் வரவில்லை என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லி இழுத்தடித்தேன்.

நேற்று உன் மனைவி நேரிலேயே வந்துவிட்டார். கோபப்படவில்லை.

"நீங்க தள்ளிப் போட்டுகினே இருந்தா அவரு வந்துடுவாரா அண்ணா?"

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஸ்பேனரை எடுத்தேன்.

ஓட்டையைப் பெரிதாக்கினேன். அலுமினியத் தூள் உள்ளே விழுந்துவிடாமல் மரை வெட்டும் டேப் கருவியில் கிரீஸ் தடவி, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். அதற்குள் போல்ட்டுக்குப் புது மரையாக நிற்க ஒரு ஸ்டீல் கம்பிச் சுருளை இறக்கினேன். புது ஆயில் ஊற்றி, புதுப் போல்ட்டை அளவாக இறுக்கிவிட்டு, மனசு கேட்காமல் இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். உன் பயம் எனக்குப் புரிய இத்தனை காலம் ஆகியிருக்கிறது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

இன்று காலையில் என்ஜினை வாங்குகிறவர்கள் வந்து எடுத்துப்போனார்கள். மத்தியானம் உன் மனைவி போன் செய்தார். "கடல்ல ஓட்டிப் பாத்துட்டாங்களாம் அண்ணா. ஒரு சொட்டுகூட ஒழுவலயாம்."

நல்லதும்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன். இனி எந்த வேலை செய்தாலும் இந்த வேலைதான் என் கையில் இருக்கும். இவ்வளவு நன்றாக நான் ஒரு மரை போட்டதே இல்லை, மச்சான். இனி உன் வீட்டிலிருந்து யாரும் என் பட்டறைக்கு வர வேண்டியதில்லை.