மூன்று எண்ணும்வரை நிற்காத சிமிழ்

என் அன்பு அப்பாவுக்கு,

நடந்ததை எல்லாம் நடந்தபடியே எழுதப்போகிறேன். உங்களுக்குப் பிடிக்காததும் இதில் இருக்கும், எனக்கு அவமானமானதும் இருக்கும். நீங்கள் இருந்திருந்தால் இந்த நோட்டு அடுப்புக்குப் போயிருக்கும். இப்போது யார் பிடுங்குவார்கள்?

முதலில் இங்கத்திய சேதி. நீங்கள் காலமாகி மூன்றாவது மாதம் நடக்கிறது. கருட சேவைக்கு வந்த கூட்டம் திரும்பிப் போய்விட்டது. உங்கள் கடைசல் மெஷினை அம்மா பழைய புடவையால் மூடி வைத்தாள். பட்டுக் கடையிலிருந்து மட்டும் ஆள் வந்துகொண்டே இருக்கிறார். கூறைப்புடவையோடு மரத்தில் கடைந்த ஒரு குங்குமச் சிமிழ் வைத்துக் கொடுப்பது அவர்கள் வழக்கமாயிற்றே. "உங்கப்பா மாதிரி மூடி யாருக்கும் உக்கார்லம்மா" என்கிறார். அது உண்மை. அதையும் எழுதிவிடுகிறேன்.

கட்டில் காலை நீங்கள் பேசிக்கொண்டே கடைவீர்கள். கட்டில் காலில் ஒரு நூல் அளவு தப்பினாலும் யாருக்கும் தெரியாது. உள்ளங்கையில் அடங்குகிற சிமிழ் அப்படியில்லை. மூடியை இரண்டு விரலால் தூக்கினால் சிமிழும் கூடவே வர வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும்வரை தொங்க வேண்டும். அப்புறம் தானாக மெல்ல இறங்கி உள்ளங்கையில் உட்கார வேண்டும். உடனே விழுந்தாலும் தவறு, இறங்காவிட்டாலும் தவறு.

போன வருஷம் எட்டாவது பாஸான அன்றைக்கு மாகறல் அத்தை வந்திருந்தாள். நான் மார்க்குகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் இன்னாத்துக்குடா படிப்பு? மூக்குல கண்ணாடி ஏறினாதான் வுடுவியா?" என்று அத்தை உங்களைக் கேட்டாள்.

"அவளுக்குப் படிப்பு வருது அண்ணி, படிக்கட்டுமே" என்றாள் அம்மா.

நீங்கள் மரத்தூளைத் தட்டிவிட்டுச் சிரித்தீர்கள். "சரி. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள மூடி நிக்கிற சிமிழ் ஒண்ணே ஒண்ணு அவ கையால கடையட்டும். நானே இட்டுக்கினு போயி ஒம்பதாவது சேத்து வுடறேன்."

நான் குதித்தேன். பரீட்சை என்றால் எனக்குப் பிடிக்கும். இதுவும் ஒரு பரீட்சை என்றுதான் நினைத்தேன்.

ஒவ்வொரு தடவையும் கட்டையை நீங்களேதான் எடுத்துக் கொடுத்தீர்கள். கொல்லையில் கோணி போட்டு மூடிய குவியலிலிருந்து ஒன்று. அது வெண்ணெய் மாதிரி உளிக்கு இளகிக் கொடுத்தது. ஆறாவது சிமிழிலேயே எனக்குக் கை வந்துவிட்டது. சாயங்காலம் மூடியைத் தூக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மெல்ல இறங்கி உட்கார்ந்தது. நான் கத்திய கத்தலில் அம்மா ஓடி வந்தாள். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"காலைல பார்க்கலாம். லைட்ட அணை."

காலையில் விழுந்தது. ஏழாவதும் விழுந்தது. எட்டாவதில் மூடி உள்ளேயே போகவில்லை. நான் நோட்டில் எழுதிவைத்தேன்: "மூடியைக் கால் சுற்று திருப்பினால் இறுகுகிறது. இன்னொரு கால் சுற்று திருப்பினால் ஆடுகிறது." எழுதத் தெரிந்தது, ஏன் என்று யோசிக்கத் தெரியவில்லை. என் கைதான் கோணல் என்று நம்பினேன்.

"இன்னா டீச்சரம்மா, இது உன் புஸ்தகத்துல போடலியா?" என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றையும் அடுப்பில் போட்டீர்கள். "இன்னிக்கு காபி நம்ம செண்பகம் கடைஞ்சது. எல்லாரும் குடிங்க!" அத்தைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தீர்கள். நான் குடித்தேன்.

மொத்தம் பத்தொன்பது. பள்ளிக்கூடம் திறந்த அன்று பக்கத்து வீட்டு வசந்தா பையோடு வந்து வாசலில் நின்றாள். "எம்பொண்ணு வரல. அவளே வாணான்னுட்டா" என்று நீங்கள் சொன்னீர்கள். சாயங்காலம் எனக்கு மட்டும் ஓட்டலிலிருந்து பூரி வாங்கி வந்தீர்கள். அது எதற்கு, அப்பா?

போன வாரம் பட்டுக் கடை ஆளுக்குக் கொடுக்க மிச்ச சொச்சம் ஏதாவது இருக்குமா என்று சமையலறைப் பரண்மேல் ஏறினேன். நான் கடைந்த அதே வெப்பாலைக் கட்டைகள், புகை படிந்து வரிசையாக அடுக்கியிருந்தன. ஒன்றைத் தூக்கினேன். கையில் கனமே இல்லை. கொல்லைக் குவியலில் இருந்ததில் பாதிகூட இல்லை. மரத்தில் ஈரம் இருந்தால் கடைந்த பிறகு காய்ந்து கோணிக்கொள்ளும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மே மாத அனலில் ஒரு ராத்திரி போதுமே.

கீழே அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்குக் கொடுத்தது எல்லாம் ஈரக் கட்டையா?"

முறம் நின்றது. "தெனம் காலைல கோணியில தண்ணி தெளிக்கச் சொன்னாரு. தெளிச்சேன்."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா அன்னிக்கே சண்டை. நீ கடைஞ்சிக்கினு இருந்த ஒண்ணரை மாசமும் இந்த வீட்ல சத்தம் இல்ல, செண்பகம். அவருக்கு உன்கிட்ட முடியாதுன்னு சொல்ல வாய் வரல. மரம் சொல்லட்டும்னு வுட்டுட்டாரு." மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். "அழுவாத. அரிசியில வுழுது."

நான் அழவில்லை, அப்பா. மெஷின்மேல் இருந்த புடவையை இழுத்துப் போட்டேன். பரண் கட்டையில் ஒன்றை மாட்டினேன். உங்களை மடக்க வேண்டும், காய்ந்த மரம் கொடுத்திருந்தால் ஜெயித்திருப்பேன் என்று இதே நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

உள்ளபடி எழுதுவதாகச் சொல்லிவிட்டேனே. காய்ந்த கட்டையிலும் முதல் சிமிழ் நிற்கவில்லை. இரண்டாவது பிளந்தது. நேற்றுவரை ஆறு கடைந்துவிட்டேன், ஒன்றுகூட நிற்கவில்லை. மரத்தின்மேல் குற்றமில்லை. காய்ந்த மரம் உளிக்கு இளகவே மாட்டேன் என்கிறது, என் கைக்கு இன்னும் அது பிடிபடவில்லை. நீங்கள் தண்ணீர் தெளிக்கச் சொல்லியிருக்கவே வேண்டாம், அப்பா. நியாயமான மரத்தைக் கொடுத்திருந்தாலும் நான் தோற்றிருப்பேன். அப்போது உங்களைத் திட்ட எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. நான் ஜெயித்துவிடுவேன் என்று, என்மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்தா பயந்தீர்கள்?

இன்று காலையில் பள்ளிக்கூடம் போய் வந்தேன். ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்ததற்குத் தலைமையாசிரியை என்னை நிற்கவைத்துத் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, திங்கட்கிழமை வா என்றார். மூடி நிற்கிறதா என்று அவர் கேட்கவில்லை. அங்கே யாருமே கேட்க மாட்டார்கள் போலிருக்கிறது.

ஏழாவது சிமிழ் இப்போது பலகைமேல் இருக்கிறது. சாயங்காலம் தூக்கிப் பார்த்தேன், மூன்று எண்ணும்வரை நின்றது. நாளைக் காலை நீதான் எண்ண வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் வாய் திறந்து எண்ண வேண்டும். விழுந்தால் நானே அடுப்பில் போட்டுக் காபி வைத்து, முதல் டம்ளரை அவளுக்குக் கொடுப்பேன். உங்களிடம் கற்றது அது.

விழுந்தாலும் நின்றாலும் திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பேன். இது நான் உங்களுக்குச் செய்து கொடுக்கும் சத்தியம்.

இப்படிக்கு,
நீங்கள் டீச்சரம்மா என்று கூப்பிட்ட உங்கள் மகள்,
செண்பகம்

பட்டறை லைட்டை அணைத்தாகிவிட்டது.