தூதர் பெட்டிக்குள் செல்லன் பத்திரம்

3 மார்ச் 2025, திங்கள்

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மருமகள் மணிமொழி எழுதுகிறாள்.

வக்கீல் தீனதயாளன் ஐயா வீட்டுக்கு இன்று தபால் வந்தது. பக்கவாதத்தில் அவருக்குப் பேச்சு நின்று ஐந்து மாதம். அதனால், ஒரு தீவு நாட்டுக்காக அவர் பார்த்துவந்த தூதர் பதவியை முடித்துக்கொள்கிறார்களாம். வெள்ளிக்கிழமை அந்தத் தீவு நாட்டு அதிகாரி வந்து, பதக்கம் கொடுத்துவிட்டு, தூதர் வேலைக் காகிதங்கள் உள்ள சீல் வைத்த இரும்புப் பெட்டியை எடுத்துப் போவாராம்.

காலையில் கள்ளக்குறிச்சிக் கோர்ட்டு, மதியம் சின்னசேலத்தில் சொந்த ஜவ்வரிசி மில் என்று ஓடியவர். நாற்பது வருஷம் கேஸ் கட்டு சுமந்து அவர் பின்னால் நடந்தேன். அந்தத் தீவுக்கு ஜவ்வரிசி அனுப்பிய பழக்கத்தில்தான் அவரைக் கௌரவத் தூதராக்கினார்கள்.

5 மார்ச்



அந்தப் பெட்டிக்குள் செல்லனின் நிலப்பத்திரம் இருக்கிறது. செல்லன் கல்வராயன் மலைக்காரர், ஐயாவின் கட்சிக்காரர். 1998 ஆடி மாதம், ஒரு செவ்வாய். அவர் நிலத்தை வளைத்தவர்கள் எங்கள் ஆபீஸ் பூட்டை இரண்டு முறை உடைத்தார்கள். ஐயா பத்திரத்தை மஞ்சள் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார்.

“வேற நாட்டுப் பொட்டிய்யா பூமாலை, போலீஸ்கூட தொட முடியாது” என்று சிரித்தார்.

அதில் வெளியார் காகிதம் வைக்கக் கூடாது. அது அவருக்கா தெரியாது?

செல்லன் காலமாகிவிட்டார். போன வாரம் அவர் மகள் நர்மதா வந்து நின்றாள். “தாலுக்கா ஆபீஸ்ல அசலக் கேக்குறாங்க பெரிப்பா. இருவதாம் தேதிக்குள்ள குடுக்கலன்னா நெலம் அந்த வளச்சவங்க பேருக்குப் போய்டும்.”

தேடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பொய். சொன்னால் ஐயாவுக்கு அவமானம். சொல்லாவிட்டால்?

6 மார்ச்

ஐயாவுக்குச் சவரம் செய்துவிடும்போது கேட்டேன். “நாளிக்குப் பொட்டி போவுதுங்க. செல்லன் பத்திரம் உள்ள கீதுங்க. நான் கம்முனு இருந்துடட்டுங்களா?”

இடது கையால் கட்டிலை ஓங்கி அடித்தார். சோப்பு நுரை என் சட்டையெல்லாம்.

“அப்ப சொல்லிடலாங்களா?”

அடிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

7 மார்ச்

ஐயாவுக்குக் கோட்டு போட்டு நாற்காலியில் உட்கார வைத்தோம். அதிகாரி பதக்கத்தை வெளியே எடுக்கும் முன்பே ஐயா சைகையில் பேனா கேட்டார். இடது கையால் கோணலாக இங்கிலீஷில் எழுதினார். மணிமொழி பிறகு சொன்னாள்: “பெட்டியில் என் கட்சிக்காரரின் பத்திரம் இருக்கிறது. வைத்தது நான். தவறு என்னுடையது.”

அதிகாரி முகம் மாறிவிட்டது. வாசலுக்குப் போய் வெகுநேரம் போனில் பேசினார். திரும்பி வந்து சீலை உடைத்தார். உள்ளே நூற்றுக்கணக்கில் காகிதம். எது என்று அவருக்குப் புரியவில்லை. நான் குனிந்து இடது மூலையில் அடிவரை கைவிட்டு எடுத்தேன். மஞ்சள் துணி வெளுத்திருந்தது.

பதக்கத்தை அவர் திரும்ப எடுத்துப் போய்விட்டார். ஐயா அதைப் பார்க்கவே இல்லை — என்னியே பார்த்துக்கினு இருந்தாரு. உங்க பேர நானே கெடுத்துட்டனே ஐயா...

8 மார்ச்

நர்மதா பத்திரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும்.

12 ஜூன், வியாழன்

பட்டா நர்மதா பேருக்கு வந்துவிட்டது. மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, ஐயா முன்னால் விரித்தாள். அவர் வரிவரியாக விரல் வைத்துப் போனார். ஓரிடத்தில் நின்று தட்டினார். மணிமொழி பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். சர்வே நம்பரில் ஓர் இலக்கம் மாறியிருக்கிறது.

“இன்னாங்க ஐயா, இன்னும் உடமாட்டீங்களா?” என்று நர்மதா சிரித்தாள்.

ஐயா வாயைக் கோணினார். கழுத்து நரம்பு புடைத்தது.

“ம... மனு.”

மணிமொழி வெள்ளைத்தாள் எடுக்க ஓடினாள்.