டீச்சருக்குப் போட்ட மூன்று சுவர்க்கோழிகள்

மார்ச் 4, செவ்வாய்

கிடங்கில் இன்று நாற்பது பெட்டி இருமல் மருந்தைத் திருப்பி அனுப்பினேன். லேபிளில் காலாவதி மாதம் தவறு. ஒட்டியவரைக் கூப்பிட்டுப் பிழை அறிக்கை எழுத வைத்தேன். மனிதர் முகம் சுருங்கிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மருந்து விஷயம்.

மாமனாருக்கு நேற்று ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார், ஓய்வுபெற்ற வில்லன் மாதிரி. மூன்று வாரத்துக்குக் குனியக் கூடாது, தூசி படக் கூடாது, பின்னறைப் பக்கம் போகவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே பின்னறை என் தலையில்.

முப்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வுபெற்ற மற்றவர்கள் செடி வளர்ப்பார்கள்; இவர் கும்பிடுபூச்சி வளர்க்கிறார். மூன்று கண்ணாடிப் பெட்டிகள். அவற்றுக்கு இரையாக ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி நிறையச் சுவர்க்கோழிகள், புட்டியில் பழ ஈக்கள், டப்பாவில் மாவுப்புழு. பூச்சிக்குப் பூச்சி வளர்க்கிற வீட்டில் பெண் எடுத்திருக்கிறேன்.

உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். குட்டிகள் இரண்டுக்கும் பழ ஈ. பெரியவளுக்கு, அவள் பெயர் டீச்சர், இரண்டு நாளுக்கு ஒரு சுவர்க்கோழி. அதுவும் அவள் உடம்பில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. தின்னாமல் விட்டதை அன்றைக்கே வெளியே எடுத்துவிட வேண்டும். கடைசியாகச் சொன்னதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்:

“சாப்பிடாம இருந்தா உடனே எங்கிட்ட சொல்லுங்க மாப்பிள்ளை. சட்டை உரிக்கப் போறான்னு அர்த்தம். அப்ப பெட்டிக்குள்ள ஒரு பூச்சிகூட இருக்கக் கூடாது. இதுதான் அவளுக்குக் கடைசிச் சட்டை. இறக்கையோட வருவா.”

தலையாட்டினேன். அவருக்குத் தெரிந்திருக்காதே என்று, “சரி மாமா” என்றும் சொன்னேன்.

மார்ச் 6, வியாழன்

சுவர்க்கோழி தீர்ந்துகொண்டிருந்தது. அவர் வாடிக்கையாக வாங்கும் கடைக்குப் போனேன். பறவை, மீன், பல்லி, எல்லாவற்றுக்கும் தீனி விற்கிற கடை. கடைக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இரைக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். புரியவில்லை. இரைக்கே இரையா?

“சுவர்க்கோழி பட்டினி கிடந்தா வெறும் ஓடுதான். கேரட்டு, ஓட்ஸ் குடுங்க. அது தின்னதுதான் உங்க பூச்சி வயித்துக்குப் போகும்.”

வீட்டுக்கு வந்து கேரட் நறுக்கிப் போட்டேன். முட்டை அட்டைகளுக்குள்ளிருந்து ஐம்பது மீசைகள் எட்டிப் பார்த்தன. உடம்பு கூசிவிட்டது. ஒன்றை இடுக்கியால் பிடிப்பதற்குள் நான்கு வெளியே குதித்துவிட்டன. ஒன்று இன்னும் அலமாரிக்கு அடியில் கத்திக்கொண்டிருக்கிறது. நாற்பத்தாறு வயதில் எனக்கு இது தேவையா?

டீச்சர் சாப்பிட்டாள். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, பதில் தெரியாத மாணவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். பெயர் பொருத்தம்தான்.

மார்ச் 9, ஞாயிறு

“டீச்சர் சாப்பிட்டாளா?” என்று கேட்டார். சாப்பிட்டாள் என்றேன். நான் பின்னறைக்கே போகவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

நேற்றுதான் பின்னறைக்குப் போய் ஒன்றைப் போட்டேன். இன்று பார்த்தால் அந்தச் சுவர்க்கோழி அப்படியே இருந்தது. பக்கத்தில் வந்தபோது டீச்சர் காலால் தள்ளிவிட்டாள். அதை எடுத்தேன், அதுமட்டும் செய்தேன். கூடத்துக்கு வந்ததும் அதே கேள்வி. சாப்பிடவில்லை என்று சொன்னால், எப்போதிலிருந்து என்று கேட்பார். ஞாயிற்றுக்கிழமையும் தின்றாள் என்றீர்களே என்பார். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று.

“நல்லா சாப்பிட்டா மாமா.”

அப்படியா, என்று யோசித்தார். இந்நேரம் நிறுத்தியிருக்க வேண்டுமே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மார்ச் 14, வெள்ளி

நாளை கிடங்கில் இருப்புக் கணக்கெடுப்பு. நாள் முழுக்க நிற்க வேண்டும். திரும்பத் திரும்ப அந்தத் தொட்டியைத் திறக்கப் பிடிக்கவில்லை. ஒரே தடவையாக மூன்றைப் போட்டு மூடிவிட்டேன். பசித்தால் தின்னட்டும். டீச்சர் வலைமூடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன் — இல்லை, பொய் எழுதாதே. ஒன்றும் நினைக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

டீச்சர் செத்துப்போனாள்.

செத்துப்போனாள் என்று எழுதுவதுகூடச் சரியில்லை. பாதிச் சட்டையை உரித்திருக்கிறாள். வெளிர்ப் பச்சையில், கசங்கிய துணி மாதிரி இறக்கை வெளியே வந்திருக்கிறது. அந்த நிலையில் அவளால் கையைத் தூக்கக்கூட முடியாதாம். உடம்பு மெழுகுபோல இருக்குமாம். இப்போதுதான் அதைப் படித்துத் தெரிந்துகொண்டேன். சுவர்க்கோழிகள் வயிற்றுப் பக்கத்திலிருந்து தின்றிருக்கின்றன. நான் பார்த்தபோதும் ஒன்று தின்றுகொண்டிருந்தது.

கூடத்தில் மனைவி அவருக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். அவர் அண்ணாந்தபடியே கேட்டார், “சாப்பிட்டாளா?”

சாப்பிட்டாள் என்றேன்.

மார்ச் 17, திங்கள்

மதிய இடைவேளையில் கடைக்குப் போய் வேறொரு கும்பிடுபூச்சி வாங்கினேன். அதே இனம், அதே பச்சை. இது இன்னும் இரண்டு தடவை உரிக்க வேண்டும் என்று கடைக்காரம்மா சொன்னார். அளவு சரியாக இருந்தால் போதும் என்றேன். டப்பாவைக் கிடங்கில் என் மேசைக்கு அடியில், மதியச் சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மாலைவரை எந்தப் பெட்டியின் காலாவதி மாதத்தையும் என்னால் சரியாகப் பார்க்க முடியவில்லை.

டீச்சரைக் காகிதத்தில் மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். தெருமுனைத் தொட்டியில். வீட்டுத் தொட்டியில் போட பயம்.

மார்ச் 25, செவ்வாய்

டாக்டர் அனுமதி தந்துவிட்டார். மாமா காலையில் முதல் வேலையாகப் பின்னறைக்குப் போனார். நான் வாசலிலேயே நின்றேன். புதியவளை வெகுநேரம் பார்த்தார். கண் இன்னும் முழுதாகப் பழகவில்லை, எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்றார். தொட்டியைத் திறந்து பார்த்தார். கேரட், ஓட்ஸ், தண்ணீருக்கு நனைத்த பஞ்சு. ஒன்றிரண்டு நாளாக எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருந்தேன் அல்லவா?

மாலையில் பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் பொண்ணு கூட இந்த ரூம்ல கால் வைக்க மாட்டா, மாப்பிள்ளை சொந்தப் பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டார் என்று. நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஏப்ரல் 2, புதன்

அவள் சட்டை உரித்தாள். இறக்கை வரவில்லை. வராது. கடைக்காரம்மா சொன்னதுதான்.

மாமா தன் நோட்டை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார். ஒவ்வொரு சட்டைக்கும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். ஆறு முடிந்தது, ஏழாவதில் இறக்கை வர வேண்டும். இடது நடுக்கால் குட்டை என்றும் எழுதியிருக்கிறது. இவளுக்குக் கால் சரியாக இருக்கிறது. உரிக்கும்போது கால் வளரலாம், ஆனால் இறக்கை எங்கே என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்டார். மனைவியும் என்னைப் பார்த்தாள்.

நான் சொன்னது இது. அப்படியே எழுதி வைக்கிறேன், பின்னால் மாற்றிக்கொள்ள முடியாதபடி:

“நீங்கதான் மாமா மாத்தி எழுதியிருப்பீங்க. வயசாகுதில்ல.”

அவர் நோட்டை மூடினார்.

ஏப்ரல் 5, சனி

மாமா கேஸை அணைத்தாயிற்றா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்தார். சொட்டு மருந்து விட்டாயிற்றா என்று மகளிடம் இரண்டு தடவை கேட்டார். முன்பெல்லாம் கேட்டதே இல்லை. ஒரு திருகு எத்தனை சுற்றுப் போனது என்பதை இருபது வருடம் கழித்துச் சொல்கிற மனிதர்.

ஏப்ரல் 10, வியாழன்

ஞாபகசக்தி டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள் மனைவி. வரும் செவ்வாய். அவள் அத்தைக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததாம், எழுதி வைத்ததே குழம்பிப் போயிற்றாம். பேசும்போதே அழுதாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அதே கையால்.

இப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. வாய்வரை வருவதற்கெல்லாம் ஏதாவது மதிப்பு உண்டா?

கிடங்கில் யாராவது இப்படிச் செய்திருந்தால், கெட்டுப்போன மருந்தை மாற்றி வைத்துவிட்டு நோயாளிக்குத்தான் கோளாறு என்று சொல்லியிருந்தால், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன். 

மருத்துவமனையில் இரண்டாவது மாடி, நீளமான நடைபாதை, பிளாஸ்டிக் நாற்காலிகள். மனைவி சீட்டு பதியக் கவுன்ட்டருக்குப் போயிருந்தாள். மாமா துவைத்த சட்டை போட்டு, தலை வாரி, பரீட்சைக்கு வந்தவர்போல உட்கார்ந்திருந்தார். வலது கையை மூடியே வைத்திருந்தார். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். பிறகு கையைத் திறந்து காட்டினார்.

உள்ளங்கையில் நீல மையில் இன்றைய தேதி, மாதம், வருடம், கிழமை. கீழே எங்கள் வீட்டுத் தொலைபேசி எண்.

“இதைத்தான் முதல்ல கேப்பாங்களாம். சட்டுனு வரலன்னா...” என்று இழுத்தார். சிரிக்கப் பார்த்தார்.

அவ்வளவுதான், நான் உடைந்துவிட்டேன். நாற்காலியிலிருந்து இறங்கி அவர் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டேன். எதிரில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். மார்ச் ஒன்பதாம் தேதியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பார்க்காமலே சாப்பிட்டாள் என்றது, மூன்றைப் போட்டது, மேசைக்கு அடியில் டப்பா, தெருமுனைக் குப்பைத் தொட்டி. உங்கள் நோட்டில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை மாமா என்றேன்.

உள்ளங்கையில் எழுதியிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“தலைகீழா தொங்கிட்டிருந்தாளா?”

“ஆமா.”

“இறக்கை வந்திருந்துச்சா?”

“பாதி.”

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணைத் துடைக்கக் கூடாது, டாக்டர் சொல்லியிருக்கிறார். கண்ணாடியை மட்டும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அப்போ என் தலை சரியாத்தான் இருக்கு,” என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

மனைவி சீட்டோடு வந்தாள். என்னைத் தரையில் பார்த்துப் பயந்து போனாள். திரும்பிப் போய்விடலாமா என்று நான் கேட்டேன். வந்தது வந்தாயிற்று, பார்த்துவிட்டே போகலாம் என்றார் மாமா. எச்சில் தொட்டுக் கையில் எழுதியிருந்ததை அழித்துவிட்டு, தனியாக உள்ளே போனார். அவர் உள்ளே இருந்த அந்த முக்கால் மணி நேரத்தில் அவளிடமும் சொன்னேன்.

ஒன்றும் இல்லை என்றாராம் டாக்டர். எங்களைவிட நல்லா இருக்கீங்க என்றாராம்.

ஏப்ரல் 16, புதன்

அவள் சொன்னது: “பூச்சி செத்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லல. எங்கப்பா ரெண்டு வாரமா தன் மூளைய நம்பாம உக்காந்திருந்தார். நீங்க எதிர்லயே உக்காந்து சாப்பிட்டீங்க.”

 

ஏப்ரல் 20, ஞாயிறு

மாமா என்னோடு பேசுவதில்லை. கோபமாக முகத்தைத் திருப்புவதும் இல்லை. உப்பு வேண்டுமென்றால் உப்பைக் காட்டுகிறார். பின்னறைக் கதவில் கொக்கி போட்டிருக்கிறார். பூட்டு இல்லை, வெறும் கொக்கிதான். ஒரு விரலால் திறக்கலாம். நான் திறக்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

தொட்டி கழுவுகிற நாள். ஐம்பது சுவர்க்கோழிகளை வேறு வாளிக்கு மாற்றி, முட்டை அட்டைகளை உதறி, பழைய ஓட்ஸைக் கொட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். தொட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தவருக்கு மூச்சு வாங்கியது. வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். கழுவினேன். இரண்டு குதித்து ஓடின. இரண்டு போய்விட்டன என்று உள்ளே பார்த்துச் சொன்னேன். பதில் வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.

மே 4, ஞாயிறு

மறுபடி கழுவினேன். இன்று ஒன்றும் தப்பவில்லை. அதையும் சொன்னேன். “ம்,” என்றார்.

மே 7, புதன்

புதியவளுக்குப் பெயர் வைத்துவிட்டார். “லீவு டீச்சர்.” நிஜ டீச்சருக்குப் பதிலாக வந்தவளாம். மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நடுவில் எனக்கு முன்னால் சிரிக்கக் கூடாது என்று நினைவு வந்தவள்போல நிறுத்திக்கொண்டாள்.

மே 12, திங்கள்

அடுத்த கண்ணுக்கும் தேதி கொடுத்துவிட்டார்கள். வரும் வெள்ளி.

சாப்பிடும்போது மனைவி பேச்செடுத்தாள். தான் விடுப்பு போட்டுக் கூட்டிப் போவதாகச் சொல்லி, பூச்சிகளை என்ன செய்வதென்று கேட்டாள். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரம்மாவிடம் பேசிவிட்டேன், பெட்டிகளையும் தொட்டியையும் அவர் கடையிலேயே மூன்று வாரம் வைத்துப் பார்த்துக்கொள்வார் என்றார் மாமா. சரியான முடிவுதான். அது எனக்குக் குத்தியது, குத்த வேண்டியதுதான்.

பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, தம்ளரைக் கீழே வைத்து, மகளிடம் பேசிக்கொண்டே, நாலு வாரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

“நீ லீவு போட வேண்டாம்மா. என்னை மாப்பிள்ளை கூட்டிட்டுப் போகட்டும். எட்டு மணிக்கு அங்க இருக்கணும்.”

ஏழு மணிக்கே தயாராகிவிடுவேன் மாமா, ஆறரைக்கே என்றேன்.

“ஏழரைக்குக் கிளம்பினா போதும்,” என்றார். “சொன்ன நேரத்துக்கு வாங்க.”