வாசலில் எழுப்பிய சுவரும் வீட்டுக்குள் நின்ற நீரும்

அனுப்புநர்:
சு. வீரபாண்டி (வயது 76),
ஓய்வுபெற்ற நூலக எழுத்தர்,
கொச்சங்காடி, மட்டாஞ்சேரி, கொச்சி.

பெறுநர்:
வெள்ளத் தடுப்புப் பணிகளின் பொறுப்பு அலுவலர் அவர்கள்,
மட்டாஞ்சேரி.

பொருள்: வாசல் தடுப்புச் சுவரில் நீர் வெளியேற வழி விடவும், அதுவரை பேச்சி அம்மாள் வீட்டுப் பணியை நிறுத்திவைக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் மலையாளம் பேசப் போதும்; மனு எழுதப் போதாது. ஆகவே தமிழில் எழுதி, பக்கத்துத் தெரு அம்பிளி செய்து தந்த மலையாள மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன்.

1. கடல் ஏறும் நாட்களில் காயலின் உப்புநீர் எங்கள் சந்து வீடுகளுக்குள் வரும். அதைத் தடுக்கச் சென்ற ஆண்டு வாசல்களில் இடுப்பளவுச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். முதல் சுவர் எங்கள் வீட்டில். பிறகு உப்புநீர் உள்ளே வரவில்லை. நன்றி தெரிவித்துக் கடிதமும் எழுதினேன். அந்த நன்றி இப்போதும் உண்டு.

2. ஆகஸ்டில் பெரியாறு பெருகி ஆலுவா மூழ்கியபோது இங்கும் விடாத மழை. பின்புறக் கிடங்கின் கூரைநீர் முழுவதும் எங்கள் கொல்லையில் விழுந்து அடுக்களை வழியே உள்ளே வந்தது. முன்பெல்லாம் அது வாசல் வழியே தெருவுக்கு ஓடிவிடும். இம்முறை சுவர் விடவில்லை.

3. என் மனைவி மாயம்மாள் பக்கவாதத்தால் படுக்கையில் இருந்தாள். அவளைத் தூக்க எனக்குப் பலமில்லை. உதவி எண்ணை அழைத்தேன். தெருவில் எவ்வளவு நீர் என்று கேட்டார்கள். முழங்கால் அளவு என்றேன். அது உண்மை. கழுத்தளவு நீரில் நிற்பவர்களிடம் படகுகள் போயிருக்கின்றன, காத்திருங்கள் என்றார்கள். அதுவும் நியாயமே. வீட்டுக்குள் இடுப்பளவு ஏறியிருந்தது. கேட்காததைச் சொல்லலாமா என்று நான் யோசிப்பதற்குள் இணைப்பு போய்விட்டது. பிறகு கிடைக்கவில்லை.

4. அவள் தலையை என் தோளில் தாங்கிக்கொண்டு கூப்பிட்டேன். தெருவில் போன எங்கள் சந்து இளைஞர் அஜீஷ், "இங்க முட்டளவுதான் மாமா, பேடிக்காதீங்க, பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். சுவருக்கு மேல் எட்டிப் பார்த்ததும் உள்ளே குதித்தார். அதற்குள் என் கால் வழுக்கியிருந்தது. இருவரும் அவளைத் தூக்கி அந்தச் சுவரின் மேல்தான் கிடத்தினோம். மூச்சில்லை.

5. நான் பொறியாளன் அல்லன். என் கணிப்பு தவறாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்த வீட்டுப் பேச்சி அம்மாளாலும் எழுந்து நடக்க முடியாது. அவர் வீட்டுப் பின்புறமும் அதே கிடங்குதான். வரும் திங்கட்கிழமை சுவர் எழுப்ப அங்கே செங்கல் இறக்கியிருக்கிறார்கள். ஐப்பசியில் வரும் துலாவர்ஷ மழைக்கு அதிக நாள் இல்லை.

சுவரே வேண்டாம் என்று கேட்கவில்லை. நடுவில் ஒரு பலகை வைத்து, உள்ளிருந்தோ வெளியிலிருந்தோ தூக்கி எடுக்கும்படி கட்ட உத்தரவிடுங்கள். அதுவரை அந்தச் செங்கல் வாசலிலேயே கிடக்கட்டும்.

மற்றொன்று தங்கள் பொறுப்பில் வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் உரியவரிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன். உதவி எண்ணில் பேசுபவர்கள் வீட்டுக்குள் எவ்வளவு நீர் என்றும் கேட்க வேண்டும். என்னைப் போன்றவர்கள் கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்வோம்.

இடம்: மட்டாஞ்சேரி
நாள்: 21.09.2018

பணிவுடன்,
சு. வீரபாண்டி