மார்ஷல் என்ற குதிரைக்காரன்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வீக்கம் வற்றியதா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

ஆங்கிலச் சொற்களின் பிறப்பைச் சொல்லும் பழைய அகராதி ஒன்று வாங்கியிருக்கிறேன். அதைப் பார்த்த சூப்பர்வைசர், "தரை தொடைக்கிறவளுக்கு டிக்‌ஷனரி எதுக்கு?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். குடிகாரனுக்கு 'ட்ரங்கர்ட்', கோழைக்கு 'கவர்ட்' என்று ஆளை மட்டம்தட்ட ஒட்டும் 'அர்ட்' என்ற வாலை, அன்றிலிருந்து அவர் பெயரோடு மனதுக்குள் ஒட்டிவந்தேன். ஆத்திரம் அடங்கவில்லை.

நேற்று தீ விபத்து ஒத்திகை. ஆட்களை வெளியேற்றும் பொறுப்பாளருக்கான 'ஃபயர் மார்ஷல்' பட்டையைக் கையில் மாட்டிக்கொண்டு சூப்பர்வைசர் மிதப்பாக நின்றார். எல்லாரும் கூடியிருக்கும்போதே கேட்டேன்.

"சார், மார்ஷல்னா ஆதியில என்ன அர்த்தம் தெரியுமா? குதிரைக்குப் பணிவிடை செய்யற வேலைக்காரன். டிக்‌ஷனரில இருக்கு, படிக்கட்டுமா?"

மேனேஜர்தான் முதலில் சிரித்தார். சிரித்த அதே மேனேஜர் இன்று என்னை மட்டும் தனியாகக் கட்டடத்தின் அடித்தளத்துக்கு மாற்றிவிட்டார். வேலை குறைவுதான், நீ ஒன்றும் நினைக்காதே. அடுத்த பார்சலில் சாமான்களைத் தமிழ்ச் செய்தித்தாளில் சுற்றி அனுப்பு. கீழே பேச ஆளில்லை, படிக்கவாவது ஏதாவது வேண்டும்.

இடைவேளை முடியப்போகிறது. மேனேஜர் என்ற சொல்லையும் பார்த்துவிட்டேன் அம்மா. அதுவும் குதிரை பழக்கும் வேலையிலிருந்துதான் வந்திருக்கிறது. அடுத்த ஒத்திகை வரட்டும்.

உன் மகள்