தூண்களுக்கு நடுவே ஓர் அறை

ஆல்சிட்,

நான் வேலைக்குக் கிளம்பிட்டேன். பத்து மணிக்கு சர்வேயர் வந்து, வெள்ளக் காப்பீட்டுக்காக நம்ம வீட்டுத் தரை எவ்வளவு உயரம்னு அளப்பார். வெள்ளிக்கிழமைக்குள்ள பாலிசியைக் காட்டலேன்னா, வீட்டுக்கடன் கொடுத்த பேங்க்கே ரெண்டு மடங்கு விலைக்கு ஒரு பாலிசி எடுத்து, அதை நம்ம தவணையில ஏத்திடும்.

தூண் மேல நிக்கிற நம்ம வீட்டுக்கு அடியில, தூணுக்கு நடுவுல நீ கட்டின ரூமைப் பார்த்தா, அதையே தரைன்னு அளந்து காப்பீட்டுக் கட்டணத்தை ஏத்துவாங்கதான்; ஆனாலும் மறைக்காதே. கட்டிலைத் தூக்கிட்டு நண்டுக் கூண்டை அடுக்கி வச்சாலும், பொய் சொன்னா உன் காது சிவந்திடும்.

கம்போ சூப் அடுப்புல இருக்கு. சர்வேயருக்கும் ஒரு கிண்ணம் கொடு.

வெர்னா

பி.கு. "உன்னை யாரு கட்டச் சொன்னா?"ன்னு நேத்து கத்தினேன். என் முழங்காலுக்காகத்தான்னு நீ ஒரு வார்த்தை சொல்லல. காப்பீட்டுக்காரங்க ரூமை இடிக்கச் சொன்னா இடிச்சிடு. பதினாலு படிதானே, ஏறிக்கிறேன். நீ பின்னாலயே வா.